மாப்பிள்ளைக்கு முதல் இலை

வயிறு ஒன்றும் செய்யவில்லை. இதுவரைக்கும் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் இன்னும் சரி. நாச்சிமுத்து தோட்டத்துச் சாளை வீட்டுக்கு முன்னால் பூவரச நிழலில் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு மல்லாந்து கிடந்தான், இரண்டு கைகளும் தொப்புளுக்கு மேலே. பார்க்கிறவர்களுக்கு உண்ட மயக்கம் என்று தோன்றும். தோன்றிவிட்டுப் போகட்டும். அவன் உள்ளே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இடது பக்கம் ஏதோ கடகடவென்று உருண்டு ஓடியது. காற்றாக இருக்கும். ஐந்து இட்லி தின்றவனுக்குக் காற்று வராமல் கங்கையா வரும். இட்லியைப் பற்றி ஒரு பயமும் இல்லை, அதற்கு ஊற்றிக்கொண்டதைப் பற்றித்தான். புற்றுக்காளான் குழம்பு. முந்தாநாள் இடியும் மழையுமாக வெளுத்து வாங்கியதில் கரட்டோரத்துப் புற்றுகளில் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பியிருந்தது. இன்று விடிகிற நேரத்துக்கு மாமியார் சாமியாத்தாளும் பெண்டாட்டி துளசிமணியும் போய் ஒரு கூடை பறித்து வந்துவிட்டார்கள். புரட்டாசி மாசம். இந்த வீட்டில் புரட்டாசி கழிகிற வரைக்கும் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. அப்படிப்பட்ட மாசத்தில் சின்ன மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக விருந்துக்கு வருகிறார். திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவருக்கு அவரைக்காய்ப் பொரியலையா போடுவது என்று அத்தை ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் புலம்பல் எந்தச் சாமி காதில் விழுந்ததோ, காளான் வந்துவிட்டது. மத்தியானம் விருந்து. அதில் முதல் இலை மட்டும் காலையிலேயே பெரிய மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு. அது எப்போதும் அப்படித்தான். காளான் எடுத்த அன்றைக்கு, மாப்பிள்ளைக்குப் போட்டு அவர் கை கழுவிய பிறகுதான் அந்தச் சட்டியில் வேறு யாருக்கும் கரண்டி இறங்கும். அப்படி ஒரு மரியாதை.

மரியாதை. அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே ஒருமுறை உருட்டினான். தின்று முடித்துப் புறவாசல் துவைகல்லுக்குப் பக்கத்தில் கை கழுவக் குனிந்தபோதுதான் சமையற்கட்டு ஜன்னல் வழியாக அத்தையின் குரல் கேட்டது. சின்ன மகள் கோகிலவாணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவள் போனில் பேசினால் அடுத்த தோப்புக்கும் சேர்த்துத்தான் பேசுவாள். "அவருகிட்டச் சொல்லு கண்ணு, பயப்பட ஒண்ணுமில்ல. பெரிய மாப்ள காத்தாலயே தின்னாச்சு. உச்சி வரைக்கும் பாத்தாப் போதும். அவருக்கு ஒண்ணும் ஆகலீன்னா ஆருக்கும் ஒண்ணும் ஆகாது. எப்பவும் அப்படித்தான பண்றோம்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அத்தை சிரித்தாள். ரகசியக் குரலில் சொல்லியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும், செய்கிறது தப்பென்று தெரிந்து செய்கிறார்கள் என்றாவது இருந்திருக்கும். இட்லிக்கு எத்தனை உழக்கு உளுந்து போட என்று மகள் கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். நாச்சிமுத்துவின் கையில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பதினோரு வருஷம். முதல் வருஷம் ஐப்பசியில், தாலி கட்டிய ஈரம் காயாத மாப்பிள்ளையாக, முன்கூடமான ஆசாரத்தில் தன்னந்தனியாகத் தலைவாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அத்தை தானே கரண்டி பிடித்து ஊற்றினாள். துளசிமணி கதவோரம் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பெண் புருஷன் சாப்பிடுவதை ஆசையோடு பார்க்கிறாள் என்று அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கூச்சத்தில் இரண்டு வாய் கூடவே தின்றான். அடுத்த மாசம் ஊருக்குப் போனபோது, வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனைக் கிண்டல் செய்ய வாய் ஊறிக்கொண்டிருந்த அண்ணன்கள் மூன்று பேரிடமும் இதைத்தான் சொன்னான்: "எங்க அத்தை எனக்குப் போடாம ஒரு வாய் தொட மாட்டாங்க, தெரிஞ்சுக்குங்க." அண்ணன்கள் வாயடைத்துப் போனார்கள். அதை வைத்தே பல வருஷம் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்த வீட்டில் பந்திதான் படை என்பது தெரியாமல் முன்வரிசையில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறான் மடையன். அண்ணன்களுக்குத் தெரிந்தால். தெரியவே கூடாது. செத்தாலும் வேறு எதையாவது சொல்லித்தான் சாகவேண்டும்.

சாவு என்றதும் வயிறு மறுபடியும் கடகடத்தது. சாவைப் பற்றி அவன் சும்மா நினைக்கவில்லை. ஜன்னலில் அந்தப் பேச்சைக் கேட்டு, யார் முகத்திலும் முழிக்கத் தோன்றாமல் தரையைப் பார்த்தபோது, காளான் அலசிய கழிவு துவைகல்லோரம் குவிந்து கிடந்தது. மண் ஒட்டிய அடித்தண்டுகள், வேர்கள், பூச்சி அரித்த ஓரங்கள். புற்றுக்காளானுக்கு வேர் உண்டு, முழ நீளத்துக்குப் புற்றுக்குள்ளே இறங்கியிருக்கும், இழுத்தால் பாதியில் அறுந்து கறுப்பாக நுனி சூம்பி வரும். குவியலில் கிடந்தவை எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஒன்றைத் தவிர. அது ஒன்று மட்டும் வேர் இல்லாமல், அடியில் சின்ன வெங்காயம் அளவுக்குப் புடைத்திருந்தது. தண்டில் மோதிரம் போட்டதுபோல ஒரு வளையம். புற்றுக்காளானுக்கு வளையம் கிடையாது. எருக்குழி ஓரத்திலும் மாடு மேய்கிற புல்லிலும் குடை குடையாக நிற்குமே, பேய்க்காளான், அதற்குத்தான் வளையம். இந்தப் பக்கத்தில் காளான் தின்று வளர்ந்த யாருக்கும் தெரிந்த சங்கதி. தண்டு இங்கே கிடக்கிறது, குடை எங்கே? கையால் குவியலைக் கிளறிப் பார்த்தான். குடை இல்லை. குடையைத் தூர எறிந்திருக்கலாம். கோழி கொத்திக்கொண்டு போயிருக்கலாம். அரிந்து சட்டியில் போட்டிருக்கலாம். ஐந்து இட்லியோடு சேர்ந்து இப்போது இந்தக் கைகளுக்குக் கீழே கிடக்கலாம். தண்டை எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன்போலக் கட்டிலுக்கு வந்துவிட்டான். அது இப்போது இடுப்பில் ஈரமாக உறுத்திக்கொண்டிருந்தது.

அத்தைக்கு இரண்டு வருஷமாகக் கண்ணில் புரை. துளசிமணிக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், பால்காரருக்குக்கூடத் தெரியும், அத்தைக்கு மட்டும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "எம்பட கண்ணுக்கு என்ன கேடு, ஊசி கோக்கறனே" என்பாள். ஊசி கோக்கிறாளா இல்லையா என்று யாரும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. மகள் கூடை பிடிக்கப் போவாளே தவிர, பறிக்கிறதிலும் அலசி அரிகிறதிலும் இன்னொருத்தர் கை படக்கூடாது அவளுக்கு. காளான் என்று வந்துவிட்டால் பெற்ற மகளே தேங்காய் அரைக்கிற எடுபிடிதான். இடத்தையும் சொல்லமாட்டாள். எந்தப் புற்றில் எந்த மழைக்குக் கிளம்பும் என்பது தாய்க்கும் மகள்களுக்கும் நடுவில் மட்டும் நடமாடுகிற செய்தி. நாச்சிமுத்துவும் விடியலில் கூடப் போவான், கரட்டு வேலி வரைக்கும். அங்கே கூடையை வாங்கிக்கொண்டு, "நீங்க இங்கயே இருங்க மாப்ள, முள்ளு" என்பாள். அவன் வேலியோரம் உட்கார்ந்து காலை நேரத்து எறும்புகளை எண்ணிக்கொண்டிருப்பான். தோப்புக்கு மோட்டார் போட, தேங்காய் வெட்டு ஆளோடு மல்லுக்கட்ட, உரமூட்டை சுமக்க மாப்பிள்ளை. காளான் இடம் தெரிய மட்டும் ஆகாது. மாப்பிள்ளை காலில் முள் குத்தக்கூடாது, வயிற்றுக்குள் என்ன போனாலும் பரவாயில்லை. இதையும் பதினோரு வருஷமாக அக்கறை என்றுதான் எண்ணியிருந்தான். ஒரு மனுஷன் எத்தனை விஷயத்தைத்தான் அக்கறை என்று எண்ண முடியும். சட்டி கொதிக்கையில் அத்தை நாலு பல் பூண்டு போடுவாள். பூண்டு கறுக்காவிட்டால் காளான் சுத்தம் என்பது அவள் சாத்திரம். இன்றைக்கும் போட்டிருப்பாள். போன வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குடும்பமே காளான் தின்று வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்ததே, அவர்கள் சட்டியிலும் பூண்டு வெள்ளை வெளேரென்றுதான் இருந்ததாம். பூண்டுக்கு என்ன தெரியும். அதனால்தானே பூண்டுக்கு அப்புறம் இன்னொன்றையும் வைத்திருக்கிறார்கள். பூண்டு கறுத்தால் தெரியும், மாப்பிள்ளை கறுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

செருப்புச் சத்தம். அத்தை தாழ்வாரத்தில் வந்து நின்றாள், முந்தானையில் கையைத் துடைத்தபடி. பட்டுச்சேலையை இப்போதே கட்டிவிட்டாள்.

"வயிறு எப்படீங் மாப்ள இருக்குது?"

இந்தக் கேள்வியைக் காளான் தின்ற ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். இட்லி தின்றால் கேட்கமாட்டாள், பொங்கல் தின்றால் கேட்கமாட்டாள். அது ஏன் என்று ஒரு நாளாவது தோன்றியதா. பெற்ற தாய்கூட இப்படி விசாரித்ததில்லை என்று ஒருமுறை துளசிமணியிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறான். அவளும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். மாரியம்மன் கோயிலில் கெடாய்க்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலுப்புகிறவரை ஊரே கைகட்டிக் காத்திருக்குமே, அப்படித்தான் அத்தை காத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தானுங் இருக்குது."

"ஏதொண்ணும் பண்ணலீங்களே?"

"இல்லீங்."

"செரி, படுங்க. அவங்க பல்லடம் தாண்டிட்டாங்களாமா."

போய்விட்டாள். நடையில் ஒரு துள்ளல். கெடாய் சிலுப்பிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னான்? நல்லாத்தான் இருக்குது என்று நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, பழகிய நாக்கு. இப்போதே எழுந்து போய் மடியில் இருக்கிற தண்டை எடுத்து அத்தை முகத்துக்கு முன்னால் நீட்டலாம். நீட்டாமலும் இருக்கலாம். இந்த இரண்டாவது எண்ணம் வந்ததும் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தான். சும்மா படுத்திருந்தால் போதும், ஒரு குற்றமும் செய்யவேண்டாம். பனியன் கம்பெனிக்காரர் வருவார், கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள், ஆசாரத்தில் இலை விழும், அத்தை கரண்டி கரண்டியாக ஊற்றுவாள், இன்னும் கொஞ்சம் என்பாள். பிறகு பார்க்கலாம் அத்தையின் கண் ஊசி கோக்கிறதா என்று. அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. கல்யாணத்தில் அவனைப் பார்த்து, "அண்ணா, தோப்புல இளநி நல்லாருக்குமா" என்று கேட்டார், அவ்வளவுதான். கோகிலவாணி என்ன பாவம் செய்தாள்? அவன் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மழை நாளில் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து, தலைக்கு உரச்சாக்கைப் போர்த்தி, எத்தனை தடவை கொண்டுபோய் விட்டிருக்கிறான். மாமா மெல்ல, மாமா மெல்ல என்று முதுகைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிள்ளைதான் இன்றைக்குப் போனில் கேட்டிருக்கிறது, மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. இல்லை, அப்படியும் கேட்கவில்லை. பயமா இருக்குதும்மா என்று கேட்டிருக்கும். அதற்குப் பதில்தான் மாமா. சரி, அவளுக்கும் ஊற்றட்டும் என்று ஒரு நொடி நினைத்தான். அப்படி நினைத்த தன்மேல் எச்சிலைத் துப்பவேண்டும்போல இருந்தது. துப்ப வாயில் எச்சில் இல்லை, நாக்கு வறண்டிருந்தது. வறளுவது முதல் அறிகுறியோ? அக்கரைக் குடும்பத்தில் முதலில் வாந்தி வந்ததா, வயிற்றுவலி வந்ததா? யாரும் சொல்லவில்லை. கேட்டு வைத்திருக்கவேண்டும். தினமும் தவச தானியம், தேங்காய் விலை என்று எதையெதையோ கேட்கிறோம்.

எல்லாவற்றையும் தள்ளிவிட்டாலும் ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. துளசிமணிக்குத் தெரியுமா? எப்பவும் அப்படித்தான பண்றோம் என்றாளே கிழவி, அந்தப் 'பண்றோம்' என்பதற்குள் துளசிமணி இருக்கிறாளா? அவள் காளான் குழம்பை வைத்த அன்றைக்குத் தின்னமாட்டாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் காலையில் சட்டியோடு சூடு பண்ணி, பழைய சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். "எனக்குப் பழங்கொழம்புதான் மாமா ருசி" என்பாள். எல்லோருக்கும் போட்டு மிச்சத்தைத் தின்கிற பெண் என்று அவன் அதற்காகவே ஒரு கைப்பிடி கூடுதலாக அவளை நேசித்திருக்கிறான். அவர்களுடைய மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதற்கும் காளான் கிடையாது, சளி பிடிக்குமாம். மறுநாள் சளி பிடிக்காதா? மறுநாள் அந்தப் பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் உண்டே. இதையெல்லாம் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பா வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் வேறு காரணமும் இருக்கலாம். பழங்குழம்பு ருசிதான், அது பொய் இல்லை. குழந்தைக்குச் சளி பிடிக்கிற உடம்புதான். ஒரு பக்கம் போனால் துளசிமணி எல்லாம் தெரிந்தவள், இன்னொரு பக்கம் போனால் தாய் சொன்னதைக் கேட்டு நடக்கிற வெகுளி, இரண்டு பக்கமும் போய்ப் போய் மனசு செக்கைச் சுற்றிக்கொண்டு வந்தது. செத்துப் போவதானால்கூட இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று இருந்தது. அவள் வந்தாள். அரிவாளை நீட்டினாள்.

"எல அறுத்துட்டு வாங்க மாமா. நுனி எலையாப் பாத்து. கிழிசல் இருந்தா அம்மா வையும்."

எழுந்து உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்தான். நெற்றி வேர்வையில் குங்குமம் கரைந்து இறங்கியிருந்தது. தேங்காய்ப்பூ ஒரு துணுக்கு கன்னத்தில் ஒட்டியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் தட்டிவிட்டிருப்பான்.

"ஏம்மணி, நீ ஏன் காளானை அன்னிக்கே திங்கறதில்ல?"

"இப்ப என்ன அதுக்கு?"

"சும்மாதான் கேக்கறேன்."

"பழசுன்னா ருசி. எத்தன தடவ சொல்றது." சொல்லிவிட்டு வாழைத்தோப்புப் பக்கம் பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள். "ஏனுங், வயிறு கியிறு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

பதறித்தான் கேட்டாள். அந்தப் பதற்றம் யாருக்காக? அவன் வயிற்றுக்காகவா, அடுப்பில் இருக்கிற சட்டிக்காகவா? கண்ணைப் பார்த்தால் தெரியும் என்பார்கள், ஒன்றும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே கண்தான், ஒரே வார்த்தைதான். அத்தை கேட்டதும் இதைத்தானே. பதிலை இப்போது சொல்லவேண்டாம் என்று தோன்றியது. அரிவாளை வாங்கிக்கொண்டு வாழைப் பக்கம் நடந்தான். இலையை அறுக்கிறபோது ஒன்றைத் தீர்மானித்தான். போய்ச் சொல்லிவிடவேண்டும், அதில் மாற்றமில்லை; கோகிலவாணி வாயில் அந்தக் குழம்பு போகக்கூடாது. ஆனால் தண்டை முதலில் காட்டப்போவதில்லை. வலிக்குது என்று மட்டும் சொல்வான். சொன்னதும் துளசிமணியின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான். பதினோரு வருஷமாக என்னை வைத்துப் பார்த்தார்களே, ஒரே ஒரு தடவை நான் வைத்துப் பார்க்கிறேன். இதில் அசிங்கம் இருப்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. பெண்டாட்டியைப் பூண்டுப் பல்லாக்கிச் சட்டியில் போடுவதுதான் இது. இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை. வலி என்று சொல்வது பொய்யா என்பதும் அவனுக்கு நிச்சயமில்லை. வாழைப்பால் வேட்டியில் சொட்டி, கறை விழுந்தது.

சமையற்கட்டில் அடுப்பு அணைந்திருந்தது. குழம்புச் சட்டி மூடியோடு மேடைமேல் இருந்தது. அத்தை அப்பளம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். துளசிமணி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நிலைப்படியில் நின்று இலைக்கட்டைக் கீழே வைத்தான்.

"வயித்த வலிக்குது" என்றான்.

துளசிமணியின் கத்தி நின்றது. எழுந்தாள். எழுந்தவள் அவனைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். நகரவில்லை. அத்தைதான் முதலில் பேசினாள்.

"காத்தால அத்தன இட்லி தின்னா வலிக்காம என்ன பண்ணும். கசாயம் வெச்சுக் குடு அம்மிணி."

"காளானுங் அத்தை."

"காளானுக்கு என்ன? நான் பொறுக்குன காளான். எங்கம்மா காலத்துல இருந்து இந்தக் கையில பொறுக்கறேன், ஒரு உசுருக்குச் சேதாரம் வந்ததில்ல. வந்த மருமகன் எம்பட கையக் கொற சொல்ற நெலமைக்கு வந்துருச்சா?"

"கொற சொல்லலீங். இது கெடந்துச்சு." மடியிலிருந்து தண்டை எடுத்து மேடைமேல் வைத்தான். வாடிச் சுருங்கியிருந்தது, ஆனாலும் வளையம் வளையமாகத்தான் இருந்தது. அத்தை அதைக் கையில் எடுத்து மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"புத்துக்காளாந்தான் இது. என்ன இப்ப?"

துளசிமணிக்குக் கிட்டப் போகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் வற்றிப்போவதை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான். அத்தைக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. "பேய்க்காளானா இது? நாந் தின்னு காட்டறேன், பாருங்க" என்று மூடியைத் தள்ளி, கரண்டியால் மொண்டு, உள்ளங்கையில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனாள். துளசிமணி பாய்ந்தாள். இந்த வீட்டில் அவள் இப்படிப் பாய்ந்து அவன் பார்த்ததே இல்லை. மேடையில் இடுப்பு மோத, வெள்ளரிக்காய்த் தட்டு உருள, தாயின் கையை ஓங்கி அடித்தாள். குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. பட்டுச்சேலையிலும் தெறித்தது. "வேண்டாம்மா, தின்னுப்போடாத, வேண்டாம்மா" என்று அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாக, இடுக்கு இடுக்காக முந்தானையால் துடைத்தாள். நகத்தடியைக்கூடத் துடைத்தாள். அவன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான்.

பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு எருக்குழிக்கு ஓடினாள். வந்து கோகிலவாணிக்குப் போன் போட்டாள். "ஒண்ணுமில்ல, வாங்க, வேற சமையல் பண்றோம், நீங்க அவசரமில்லாம வாங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அத்தை முக்காலியில் உட்கார்ந்து, அடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கெல்லாம் அப்புறம்தான் துளசிமணி ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீரில் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். புறவாசலுக்கு அழைத்துப்போய்த் துவைகல்லில் உட்காரவைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். பொய் அழுகை இல்லை, அது அவனுக்குத் தெரிந்தது. குடிங்க மாமா, எல்லாம் வெளிய வந்துரும், டவுன் பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம், நானும் வாறேன் என்றாள். முதுகை நீவிவிட்டாள். அவள் கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் அவனுக்கு ஏறக்குறைய எல்லாமே ஆறிவிடும்போல இருந்தது. இரண்டாவதாக வந்தால் என்ன, வந்தாளே, தாய்க்கு முதலில் ஓடாத மகள் உண்டா என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டான். வயிற்றை ஏதோ உண்மையிலேயே முறுக்கிப் பிடித்தது.

"எப்ப இருந்து வலிக்குதுங்?" என்றாள் நீவிக்கொண்டே.

"சித்த நேரமா."

"அப்பவே சொல்லியிருக்கோணுமில்லீங்க மாமா. அவங்க வந்து எலைல உக்காந்ததுக்கு அப்பறம் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? நீங்க பாட்டுக்குப் பேசாம படுத்துக் கெடந்தீங்களே."

குற்றம் சொல்லவில்லை அவள். உள்ளபடியே பயந்துபோய்க் கேட்டாள். நடந்திருக்கக்கூடியது இப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்ததுபோல, அவன் முதுகை நீவிக்கொண்டிருந்த கை நின்றது. நாச்சிமுத்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, இன்னொரு சொம்பு கரைத்துக்கொண்டு வரச் சொன்னான்.